மானிட்டரைத் தூக்கிவந்த காலம்

காவல்துறைப் பயிற்சி வகுப்புகளில் நெடுநாளாக உலவும் கதை இது. கணினி வழக்கு ஒன்றில் சோதனைக்குப் போன எஸ்.ஐ., குற்றம் எதில் தெரிகிறதோ அதைத்தானே எடுக்க வேண்டும் என்று மானிட்டரைக் கழற்றினார். காடாத்துணியில் சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, படிவம் 95-ஐ நிரப்பி நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். மேசைக்கு அடியில் இருந்த பெட்டி அங்கேயே கிடந்தது. இதற்கு ஒரு தம்பிக் கதையும் உண்டு. சாட்சியமாக வந்த ஃபிளாப்பியை ஸ்டேஷன் ரைட்டர் மற்றக் காகிதங்களோடு அடுக்கி, பஞ்சிங் மெஷினில் துளை போட்டு, டேக் கோத்து, கேஸ் கட்டில் பத்திரமாகச் சேர்த்துவிட்டாராம். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் திருச்சிக்காரர்கள் மதுரைப் பக்கம் என்பார்கள். மதுரைக்காரர்கள் சேலம் என்பார்கள். நடந்ததோ கட்டியதோ, வகுப்பில் சிரிப்பு நிச்சயம். சிரித்தவர்களில் பலருக்கு அன்று அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தாலும் எதை எடுப்பது என்று தெரிந்திருக்காது என்பதும் நிச்சயம்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே அவர்களை அந்தப் பெட்டியிடம் அண்டவிடவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்றது அதன் 78-ஆவது பிரிவு. திருச்சி மாநகரம் தனி ஆணையரகமாகி அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கம் இன்ஸ்பெக்டர் கொலையை விசாரிக்கலாம், கொள்ளையை விசாரிக்கலாம். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் ஆபாசமாக எழுதியவனை அந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் விசாரிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. மாநகரத்தில் டி.எஸ்.பி. அந்தஸ்திலுள்ள உதவி ஆணையர்தான் வர வேண்டும். திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, சாலை மறியல் என்று ஓடிக்கொண்டிருக்கும் உதவி ஆணையருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? புகார் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழகிய பிரிவு ஒன்றுக்குள் போய் ஒதுங்கும், இல்லாவிட்டால் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும்.

2008-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 அக்டோபர் 27 முதல் இன்ஸ்பெக்டரே விசாரிக்கலாம் என்று ஆயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டும் கணினிக் குற்றப் பயிற்சி என்பது மேலதிகாரிகள் சிலருக்கான சமாச்சாரமாகவே இருந்தது. விசாரிக்க அதிகாரமே இல்லாதவருக்குச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்புதான்.

அன்றைய திருச்சியில் கணினிக் குற்றத்துக்கு ஒரு முகவரி இருந்தது. பிரௌசிங் சென்டர். தில்லைநகர் குறுக்குத் தெருக்களில், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, கல்லூரி வாசல்களில், ஆளுயரப் பிளைவுட் தடுப்புகளோடு அவை இருந்தன. ஸ்ரீரங்கத்தில் அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு மெயில் அனுப்ப மாமாக்கள் வந்து உட்கார்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டிக்கொடுப்பது கடைப் பையன். மிரட்டல் மெயில் போட்டவனைத் தேடும் போலீசும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருந்தது. மெயிலின் தலைப்பகுதியிலிருந்து ஐ.பி. எண்ணை எடுத்து, இணைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, வாரக்கணக்கில் காத்திருந்து பதிலை வாங்கினால் அது ஏதோ ஒரு சென்டரின் பெயரைச் சொல்லும். போய்ப் பார்த்தால் ஒரு நீள நோட்டு. பெயர், வந்த நேரம், போன நேரம். 'குமார், 4.10' என்று எழுதியிருக்கும். எந்தக் குமார்? அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2011-ல். அதற்குள் குற்றம் பிரௌசிங் சென்டரைக் காலி செய்துவிட்டுச் சட்டைப்பைக்குள் குடிபோகத் தொடங்கிவிட்டது.

இந்தப் பாதையிலும் போய் ஜெயிக்கலாம் என்று காட்டியது சென்னைப் போலீஸ். 2004 பிப்ரவரியில் ஒரு பெண் கொடுத்த புகார் அது. யாஹூ குழு ஒன்றில் அவரைப் பற்றி ஒருவன் ஆபாசமாக எழுதிப்போட, அதைப் பார்த்தவர்கள் அவருக்குப் போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். ஆளை மும்பையில் போய்ப் பிடித்தார்கள். மார்ச்சிலேயே குற்றப்பத்திரிகை தாக்கலானது. நவம்பர் 5-ல் எழும்பூர் நீதிமன்றம் தண்டித்தது. 67-ஆவது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று இன்றும் சட்ட வகுப்புகளில் சொல்லப்படும் வழக்கு. பிரௌசிங் சென்டர்காரர்களின் சாட்சியமும், சைபர் சட்ட நிபுணர் ஒருவர் மின்னணு ஆவணத்துக்குக் கொடுத்த சான்றும் அதைத் தாங்கி நின்றன. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஒன்பது மாதம். இன்றைக்கு நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தத் திறமை மாவட்டங்களுக்கு இறங்கி வரவில்லை. பயிற்சி என்றால் சென்னைக்குப் போக வேண்டும். கொஞ்சம் ஆழமாக வேண்டுமென்றால் ஐதராபாத், காசியாபாத்திலுள்ள சி.பி.ஐ. அகாடமி என்று ரயிலேற வேண்டும். கருவி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் 'சைபர்செக்' என்ற பெயரில் ஆய்வு மென்பொருளை உள்நாட்டிலேயே உருவாக்கியிருந்தது. ஆனால் பயிற்சிக்குப் போய்வந்தவர் கொண்டுவந்தது ஒரு சான்றிதழும் ஒரு தடித்த ஃபைலும்தான். கற்றதைச் செய்துபார்க்க ஸ்டேஷனில் ஒன்றும் இருக்காது. கைப்பழக்கம் வருவதற்குள் இடமாறுதல் வந்துவிடும். அவரோடு சேர்ந்து கணினி அறிவும் வேறு ஊருக்குப் போய்ச் சட்டம் ஒழுங்கு பார்க்கும்.

இதில் மற்ற நாட்டுப் போலீஸ் பிறவியிலேயே சமர்த்து என்று எண்ண வேண்டாம். 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில், கணினி உபயோகக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறதே என்று தேடப் புகுந்தார் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர். தேடல் கடைசியில் ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மானியனிடம் போய் முடிந்தது. ஆனால் முதலில் எஃப்.பி.ஐ.யிடம் போனபோது, நஷ்டம் முக்கால் டாலர்தானே என்று அவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். கணினிச் சாட்சியத்துக்கென்று எஃப்.பி.ஐ. தனி முயற்சி தொடங்கி அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது! "எவ்வளவு போச்சு?" என்பது எல்லா ஊர் ஸ்டேஷனிலும் முதல் கேள்வி. திருச்சியில் இன்று மாறியிருப்பதும், இன்னும் மாற வேண்டியிருப்பதும் அந்தக் கேள்விதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மாறியது மகஜர். அன்றைய கைப்பற்று மகஜரில் 'கருப்பு நிற கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, வயருடன்' என்று எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் காரியம் முடிந்தது. இன்று பயிற்சி பெற்றவர் எழுதும் மகஜரில் ஹார்ட் டிஸ்க்கின் கம்பெனி, மாடல், வரிசை எண், கொள்ளளவு எல்லாம் இருக்கும். போன் என்றால் இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், சிம் கார்டு விவரம், பூட்டியிருந்ததா, ஃபிளைட் மோடில் போட்டது யார், எத்தனை மணிக்கு என்பதுவரை இருக்கும். வாசலில் கால் வைக்கும்போதே ஒரு முடிவெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்தால் தற்காலிக நினைவகத்தில் இருந்தவை போய்விடும். அணைந்திருக்கும் கணினியை 'என்னதான் இருக்கு பார்ப்போம்' என்று ஆன் செய்தால் ஏராளமான கோப்புகளின் நேரக்குறிப்புகள் மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். வட்டை நேராகத் திறக்கக் கூடாது. எழுத விடாமல் தடுக்கும் கருவியை நடுவில் மாட்டி, அச்சு அசலாகப் படியெடுத்து, அந்தப் படியில்தான் தேட வேண்டும். அசலுக்கும் படிக்கும் ஹாஷ் மதிப்பு கணக்கிட வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் வரி முழுக்க வேறாகிவிடும். அரக்கு முத்திரை செய்துவந்த வேலையை இப்போது இந்த ஒரு வரி செய்கிறது.

முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? சான்றிதழ் வேண்டும். கணினிக் குற்ற வழக்குகளில் தோற்றவற்றை எண்ணினால் பெட்டியைத் தப்பாகத் திறந்ததைவிடக் காகிதத்தைத் தப்பாக எழுதியதில் தோற்றவையே அதிகமிருக்கும் என்பது என் ஊகம். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி பிரிவு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 2000-லேயே சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றமும் சற்று இளக்கமாகவே விட்டது. 2014 செப்டம்பர் 18-ல், கேரளத் தேர்தல் வழக்கொன்றில் சான்றிதழ் இல்லாமல் வந்த சி.டி.க்களை ஏற்க மறுத்தபோதுதான் நாடெங்கும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவின் எண் மனப்பாடம் ஆயிற்று. 2018-ல் மீண்டும் ஒரு தளர்வு. 2020 ஜூலையில் மீண்டும் இறுக்கம். இப்படிப் பாதை மாறி மாறிப் போனதில், நடுவில் பயிற்சி பெற்றவர்கள் எந்த ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தார்களோ அந்த ஆண்டுச் சட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம்; 65பி-யின் இடத்தில் அதன் 63-ஆவது பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி: கருவியை வைத்திருப்பவர் ஒன்று, நிபுணர் ஒன்று. ஹாஷ் மதிப்பு படிவத்திலேயே கேட்கப்படுகிறது. எட்டாண்டுக்கு முன் வகுப்பில் உட்கார்ந்தவர் இன்று மறுபடி உட்காராவிட்டால் அவருடைய பயிற்சி செல்லாக்காசு.

ஒரு சங்கடமான வழக்கையும் சொல்லிவிட வேண்டும். 2012 மார்ச் 29-ல் தில்லைநகரில் காலை நடைக்குப் போன தொழிலதிபர் கே.என்.ராமஜெயம் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் திருவளர்ச்சோலையில் கிடந்தது. அது கணினிக் குற்றமல்ல. ஆனால் செல்போன் கோபுரப் பதிவுகளை வெகுவாகத் தோண்டிப் பார்த்த வழக்கு அது. மாநகரப் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., 2017-ல் சி.பி.ஐ., 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கைமாறியும் பத்தாண்டு கடந்தும் துலங்கவில்லை. கோபுரப் பதிவு ஓர் எண் ஒரு வட்டாரத்தில் இருந்ததைச் சொல்லும். அதை வைத்திருந்த கை யாருடையது என்று சொல்லாது. காலம் போகப்போகப் பழைய பதிவுகளும் கிடைக்காது. அழைப்பு விவரங்களை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்த நிபந்தனையைத் தொலைத்தொடர்புத் துறை இரண்டாண்டு ஆக்கியது 2021 டிசம்பரில்தான். 'எல்லாம் செல்போன்லயே தெரிஞ்சிடும் சார்' என்ற நம்பிக்கையோடு பணியில் சேரும் இளம் எஸ்.ஐ.க்களுக்கு இந்த வழக்கைத்தான் முதல் பாடமாக வைக்க வேண்டும்.

திருடனும் பயிற்சி பெறுகிறான் என்பது அடுத்த பாடம். 2019 அக்டோபரில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே நகைக்கடைச் சுவரைத் துளைத்து உள்ளே போனவர்கள் விலங்கு முகமூடி போட்டிருந்தார்கள். கேமரா பார்க்கும் என்று தெரிந்து போட்ட வேஷம்.

இப்போது இன்றைய நிலைமை. தமிழகத்தில் மாவட்டத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று என்று சைபர் கிரைம் காவல் நிலையங்கள் வந்துவிட்டன. திருச்சி மாநகரத்துக்கு ஒன்று, திருச்சி மாவட்டத்துக்கு ஒன்று. உள்ளே இருக்கும் ஆட்களும் மாறிவிட்டார்கள். பொறியியல் படித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதி வந்தவர்கள் எந்த ஸ்டேஷனிலும் உண்டு. எக்செல்லில் ஆயிரம் வரி வங்கிக் கணக்கை வடிகட்டிப் பத்து நிமிடத்தில் முடிச்சைக் காட்டுகிற கான்ஸ்டபிளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருப்பார். பழைய போலீசில் காணாத காட்சி. நவல்பட்டுப் பக்கம் போனால் இந்த மாற்றத்துக்கு வரைபடமே உண்டு. காவலர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான், எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அங்கேதான்.

ஆட்கள் மாறியதைவிட வேகமாக வழக்குகளின் குணம் மாறிவிட்டது. இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2023-ல் இழந்தது 7,465 கோடி ரூபாய்; 2024-ல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை கொடுத்த கணக்கு இது. இந்தப் பணத்தில் மிகப் பெரும்பகுதி எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. கைப்பற்ற ஒன்றுமில்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தின் அடுக்குமாடி வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம், வைப்புநிதி, தூரதேசத்தில் பிள்ளைகள், பகலெல்லாம் தனிமை. மோசடிக்காரன் தேடுகிற எல்லாம் ஒரே முகவரியில். போன் வருகிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்கிறான். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவில் சீருடை போட்ட 'மும்பை போலீஸ்'. சி.பி.ஐ. முத்திரையோடு ஒரு கடிதம். கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே, நீ டிஜிட்டல் கைதில் இருக்கிறாய். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. 'சரிபார்ப்புக் கணக்குக்கு' பணத்தை மாற்றச் சொல்கிறான். பெரியவர் தாமே வங்கிக்குப் போய் ஆர்.டி.ஜி.எஸ். படிவம் நிரப்புகிறார். வங்கி ஊழியர் கேட்டால் 'பொண்ணு கல்யாணச் செலவு' என்று சொல்லும்படி அதற்கும் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்தத் தொகை போய்ச் சேரும் முதல் கணக்கு ஏதோ ஊரில் கமிஷனுக்கு வாடகை விட்ட கணக்கு. அங்கிருந்து நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிகிறது. போலீஸ் பாஷையில் முதல் லேயர், இரண்டாம் லேயர். பிறகு ஏ.டி.எம். அல்லது கிரிப்டோ. அதோடு தடம் முடிந்தது.

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பவரிடம் "எவ்வளவு போச்சும்மா?" என்று கேட்பதா, "எத்தனை மணிக்குப் போச்சும்மா?" என்று கேட்பதா? முதல் கேள்வி பழைய போலீஸ். அதற்குப் பின்னால் அதிகார எல்லை, எந்தப் பிரிவு, எந்த ஸ்டேஷன் என்ற பழைய வரிசை ஒன்று நிற்கிறது. இரண்டாவது கேள்வி கேட்கத் தெரிந்தவர் அடுத்த நிமிடமே இணைய மோசடி உதவி எண்ணான 1930-ல் பரிவர்த்தனை எண்ணைப் பதியவைப்பார். 2021-ல் 155260 என்று தொடங்கி, பின்னர் 1930 ஆன எண். பதிந்ததும் தகவல் வங்கிக்குப் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தப்படுகிறது. அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் கூடவே தாவுகிறது. எழுத்துபூர்வமான புகார், சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். எல்லாம் பிறகு. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் ஒரு ஏட்டையா முதலில் செய்வது எதுவோ, அதைக் கடைசியில் செய்யச் சொல்கிறோம். எளிதான பயிற்சி அல்ல.

நிறுத்தத் தெரிந்தால் போதாது, எவ்வளவு நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். எங்கோ ஏமாற்றிய பணத்தில் சில நூறு ரூபாய் யு.பி.ஐ.யில் வந்து விழுந்ததற்காகக் கடைக்காரரின் மொத்தக் கணக்கையும் முடக்கிப்போட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் கூறியது. இதுவும் பாடத்திட்டத்தில் வர வேண்டிய தீர்ப்பு. சட்டத்தைக் கற்பிக்கிறபோது அதன் எல்லையைக் கற்பிக்காமல் விடுவது நம் பழைய நோய். கருத்துரிமைக்கு எதிரானது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தது. ஆறு ஆண்டு கழித்தும் நாட்டின் பல ஸ்டேஷன்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவாகிக்கொண்டிருந்ததைக் கேட்டு நீதிபதிகளே அதிர்ந்தார்கள். செத்துப்போன பிரிவு என்று யாரும் ரைட்டருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐ.பி. எண் விஷயத்திலும் புதிய தந்திரங்கள் தெரிய வேண்டியிருக்கிறது. ஒரே ஐ.பி. எண்ணை ஒரே நேரத்தில் பல செல்போன்கள் பகிர்கின்றன. போர்ட் எண்ணும் சேர்த்துக் கேட்காவிட்டால் நிறுவனம் ஒரு பட்டியலையே அனுப்பிவைக்கும். வெளிநாட்டு நிறுவனம் தரும் நேரம் பெரும்பாலும் உலக நேரம். ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால் நள்ளிரவில் மிரட்டியவனுக்குப் பதிலாக, மாலையில் அதே எண்ணில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தவன் ஸ்டேஷனில் நிற்பான்.

வகுப்பறை இப்போது கைக்குள்ளேயே வந்துவிட்டது. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 'சைட்ரெயின்' என்ற இணையவழிப் படிப்பை நடத்துகிறது. 2025 நடுப்பகுதியில் அதில் பதிந்த போலீசார் ஒரு லட்சத்துக்கும் மேல்; வழங்கிய சான்றிதழ்கள் 80 ஆயிரத்தைத் தாண்டின. நல்ல காரியம். ஆனால் பாரா டூட்டி முடித்துவந்து தூக்கக் கலக்கத்தில் வீடியோவை ஓடவிட்டுச் சரியான விடையைக் குறிப்பதும், ஒரு பூட்டிய போனைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் ஒன்றல்ல. திருச்சியில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கருவி, கணினி, சட்டம் மூன்றும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் உள்ள ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இவற்றுக்கு நடுவே ஒரு நிரந்தரச் செய்முறைக் கூடத்தை வைத்து, மாதம் ஒரு நாள் ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் இருவரை உட்காரவைத்தால் டெல்லி வீடியோவைவிட அதிகம் கற்பார்கள்.

இன்னொரு சிக்கலான பாடம் விமான நிலையத்திலிருந்து வருகிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பித் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போன தமிழ் இளைஞர்கள் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, நம் ஊர்ப் பெரியவர்களையே ஏமாற்றும்படி வதைக்கப்பட்டார்கள். மியான்மரிலிருந்து 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். நேரடியாகக் கிழக்கே பறக்க விமானமுள்ள திருச்சிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் குற்றவாளியா, கடத்தப்பட்டவனா, இரண்டுமா என்று பிரித்தறிய எந்த மென்பொருளும் உதவாது. பழைய போலீஸ்காரரின் விசாரிக்கும் திறமைதான் உதவும். புதிய கான்ஸ்டபிளும் பழைய ஏட்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய காரணம் இது.

2024-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா ஒரு வகையில் இந்தக் கதையை முடித்துவைத்தது. அதன் 105-ஆவது பிரிவுப்படி, எந்த வழக்காயினும் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். அதற்குப் போனே போதும். கோழித் திருட்டு வழக்கில் அரிவாளைக் கைப்பற்றும் காவலர்கூட இனி மின்னணுச் சாட்சியத்தை உண்டாக்குகிறவர். 2000-ல் டி.எஸ்.பி., 2009-ல் இன்ஸ்பெக்டர், இப்போது எல்லோரும். சைபர் கிரைம் ஸ்டேஷன் என்று தனியாக ஒரு கட்டடத்தைக் காட்டி 'அங்கே போங்க' என்று கைகாட்டும் வசதி இனி யாருக்கும் இல்லை.

இவ்வளவு மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. கற்றவரை அதே இடத்தில் வைத்திருக்கும் பழக்கம் நம் காவல்துறைக்கு இன்னும் வரவில்லை. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து, பரமபத வாசல் திறப்பு என்றால் ஊர்ப் போலீஸ் முழுக்க ஸ்ரீரங்கத்தில்தான். அது நியாயம், லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. ஆனால் வங்கிக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும் கயிறு பிடித்து நிற்கிறார் என்பது துறைக்குள்ளேயே சொல்லப்படும் குறை. மோசடிக்காரனுக்கு ஏகாதசி கிடையாது. இரண்டாண்டு கற்று மூன்றாம் ஆண்டு வேறு பிரிவுக்குப் போகிறவருக்காக அரசு செய்யும் பயிற்சிச் செலவு, பெட்டியை விட்டு மானிட்டரைத் தூக்கிவந்ததற்குச் சமம்தான். சைபர் கிரைம் நிலையங்களில் பணியமர்த்துகிறவர்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டுப் பணிக்காலம் என்று அரசு ஆணையிட வேண்டும். பந்தோபஸ்துப் பட்டியலிலிருந்து அவர்களை நீக்க வேண்டும். இரண்டுக்கும் புதிய கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் வெட்கப்பட்டுக்கொண்டு மகனுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்காதீர்கள். கோபத்தில் அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் 1930-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்கு அதன் பிறகு போகலாம்.